புத்தகம் வந்த பிறகு வீட்டில் நடந்தவை

என் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்ததும் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "எவ்வளவு செலவாச்சு?" என்பதுதான். கதை எதைப் பற்றி என்று கேட்டவர்கள் குறைவு. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு அக்கா, தினமும் கூடப் பேருந்தில் வருகிறவர்கள் என்று எல்லாருக்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருந்தது. வீடு கட்டினாலும் காது குத்தினாலும் எங்கள் பக்கம் இப்படித்தான் கேட்பார்கள். அதில் அக்கறை உண்டு. பெரியம்மா மகன் என்னைத் தனியாக அழைத்து, "கடன்கிடன் எதுவும் வாங்கிறலையே?" என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகுதான் அண்ணன் முகம் தெளிந்தது.

அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழில் கைக்காசு போட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பேர். என் பதிப்பாளர் என்னிடம் பணம் வாங்கவில்லை. புத்தகத்தின் விலை 200 ரூபாய். எனக்குப் பத்து சதவீதம், அதாவது ஒரு பிரதி விற்றால் 20 ரூபாய். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சிடுவார்கள். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வந்தால் பதிப்பாளர் பிழைப்பார், வராவிட்டால் கட்டுக் கட்டாகக் கிடங்கில் கிடக்கும். இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சிட முடிவதால் என்னைப் போன்றவர்களுக்கும் புத்தகம் போட ஆள் இருக்கிறது. சி.சு. செல்லப்பாவைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர், புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் என்றேன். "அப்ப இருந்தே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு, பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து என் கையில் வைத்து ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டார். மீதி முந்நூறை வாங்க மறுத்துவிட்டார். அவர் படிக்கிற பழக்கம் உள்ளவர் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் கதைப் புத்தகம் அதுதான்.

நான் சாத்தூர்க்காரி. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதுகிறேன். பல வருடங்களாகச் சிற்றிதழ்களில் கதை வந்துகொண்டிருந்தது, ஆனால் அது வீட்டில் யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த இதழ்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்குவதில்லை. தபாலில் வரும், நான் பிரித்துப் பார்ப்பேன், அலமாரியில் வைப்பேன், அவ்வளவுதான். புத்தகம் என்று வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. அதற்கு முதுகு இருக்கிறது, அதில் என் பெயர் இருக்கிறது, பின்னட்டையில் போட்டோ இருக்கிறது. ஜனவரியில், சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு என்று அவசர அவசரமாக அச்சானது. நான் போய்வந்த கையோடு வீட்டுக்கு ஒரு பார்சலும் வந்து சேர்ந்தது.

முதலில் பார்சலைப் பிரித்தவர் என் தாய்மாமா. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவர். காலண்டர், டைரி, பள்ளிக்கூட நோட்டு, தீப்பெட்டி லேபிள் என்று அவர் கைபடாத அச்சு வேலை கிடையாது. புத்தகத்தை வாங்கியவர் தலைப்பைப் பார்க்கவில்லை, என் போட்டோவைப் பார்க்கவில்லை. நேராக நடுப்பக்கத்தை விரித்து, இரண்டு கட்டைவிரலாலும் முதுகை அழுத்திப் பார்த்தார். "கம் நல்லா ஏறியிருக்கு. தாள் கழண்டு வராது." ஒரு தாளை மட்டும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் எழுத்துகள் மேல் விரலை ஓட்டினார். "இது ஆஃப்செட் இல்ல பாப்பா, டிஜிட்டல். சாய்ச்சுப் பாரு, எழுத்துல லேசா ஒரு பளபளப்பு தெரியுதா?" சாய்த்துப் பார்த்தேன், தெரிந்தது. நான் எழுதி, பிழை திருத்தி, பல தடவை படித்த பக்கம் அது. அந்தப் பளபளப்பை மாமா சொல்லித்தான் கண்டேன்.

"டெமி சைஸ், நூத்தியறுபது பக்கம், பத்து ஃபாரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சென்னையில் ஏன் அடித்தீர்கள், நம் ஊரில் அடித்திருந்தால் காசு மிச்சமாகியிருக்குமே என்று வருத்தப்பட்டார். அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். பக்கவாட்டில் துளை போட்டு நூலால் தைத்து, அட்டை வைத்து, கருநீலக் காலிகோ துணி ஒட்டி, அசல் அட்டையை அதன் மேல் ஒட்டியிருந்தார். உள்ளே ஒரு ரிப்பன் கூட இருந்தது. "எங்கிட்ட இருக்கிறது நூறு வருஷம் தாங்கும்" என்றார். ரிப்பன் மூன்றாவது கதையில் கிடந்தது. அதுவரை படித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இதுவரை எனக்கு வந்த பாராட்டுகளில் அந்தத் தையலை மிஞ்சிய ஒன்று இல்லை என்பது என் எண்ணம்.

அப்பாவின் கதை வேறு.

சாத்தூர் என்றால் இப்போது காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். மைப்பேனா எல்லார் சட்டைப்பையிலும் இருந்த காலத்தில் எங்கள் ஊர் பேனா நிப்புக்குப் பேர்போனது. வீட்டுத் திண்ணைகளிலும் சின்னச் சின்னப் பட்டறைகளிலும் கை பிரஸ்ஸை வைத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் நிப்பு செய்தார்கள். தகட்டை வெட்டுவது ஒருவர், துளை போடுவது ஒருவர், பெயர் குத்துவது ஒருவர், வளைப்பது ஒருவர், நடுவில் கீறுவது இன்னொருவர். பால் பாயிண்ட் பேனா வந்து பரவிய பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா அந்த வேலையில்தான் எங்களை வளர்த்தார். தொகுப்பில் ஒரு கதை அந்தப் பட்டறையில் நடக்கிறது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர்தான் அதில் முக்கியமான ஆள். பட்டறை மூடிய பிறகும் தினமும் காலையில் அந்தத் தெருவுக்கு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கதையில் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

அப்பா தினத்தாளை வாய் அசைத்து, ஓர் எழுத்து விடாமல் படிக்கிறவர். புத்தகத்தையும் அப்படித்தான் படித்தார், பட்டறைக் கதையை மட்டும். படித்து முடித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி குடிக்கும்போது, "அவன் பேரை ஏன் மாத்துன?" என்று கேட்டார்.

உண்மையான ஆளின் பெயரை அப்படியே போடக்கூடாதுப்பா, அவர் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"என்ன சங்கடம்? அவன் களவாண்டானா? நாங்க குத்துன நிப்புல எல்லாம் கம்பெனி பேரு இருந்துச்சு. அவன் பேரு எங்கயாவது அச்சுல வந்திருக்கா? ரேசன் கார்டுல வந்துச்சு. அப்புறம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல வந்துச்சு. இதுல வந்திருக்கலாம்ல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் என்னையும் வரச் சொன்னார். வைப்பாற்றுக்கு அந்தப் பக்கம், இறந்துபோன அந்தப் பட்டறைக்காரரின் குடும்பம் இருக்கிறது. அவர் மனைவிக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்பாவே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். நம்ம பாப்பா கதை எழுதியிருக்கு, அண்ணன் வர்றார், பேரு மட்டும் வேற. அந்த அம்மா யோசிக்கவே இல்லை. அடுத்த தடவை அச்சடிக்கும்போது முழுப் பெயரையும் இனிஷியலோடு போடச் சொன்னார். மருமகள் உள்ளேயிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து, இனிஷியல் எதுவென்று எனக்கு எழுதிக் காட்டினாள். பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த அச்சில் மாறிவிடும். அது வரைக்கும் அந்தப் பெயர் முதலில் வர வேண்டிய இடம் புத்தகம்தான் என்பதால் இங்கே எழுதவில்லை.

எழுத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு மறைப்பு வேண்டும், பெயரை மாற்றுவது மரியாதை என்றுதான் எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம். நானும் அதை நம்புகிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்க இன்னொருவர் பெயரைத் தகட்டில் குத்திக் கொடுத்தவருக்கு எது மரியாதை என்பது அப்பாவுக்குத்தான் தெரிந்திருந்தது.

மில்லில் முதலாளி அண்ணாச்சி புத்தகத்தை வாங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் தொட்டு வைத்தார். புதுக் கணக்கு நோட்டுக்குச் செய்கிற அதே மரியாதை. ஆயுத பூஜைக்கு மில் ஆட்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். லோடு ஏற்றுகிற ஆட்களில் ஒருவர், அதுவரை காத்திருக்க முடியாது என்று என்னிடம் இரவல் வாங்கிப் போய், திருப்பித் தரும்போது பக்கங்களுக்கு நடுவில் துவரம் தூசி இருந்தது. தட்டிவிட மனசு வரவில்லை.

வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தொகுப்பில் ஒரு கதையில், மனைவியோடு நாள்கணக்கில் பேசாமல் இருக்கிற ஒரு கணவன் வருகிறான். பெண் எழுதினால் அதில் வருகிற கணவன் எல்லாம் அவள் கணவன், மாமியார் எல்லாம் அவள் மாமியார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆண்கள் எழுதுகிற கதைகளில் வருகிற மனைவிகளைப் பற்றி யாரும் அவர்கள் வீட்டில் போய் விசாரிப்பதில்லை. கடைக்கு வந்த ஒருவர், பெயிண்ட் டப்பாவுக்குக் காசு கொடுத்துக்கொண்டே, "அந்தக் கதையில வர்ற ஆளு நீங்கதானாம்ல?" என்று கேட்டிருக்கிறார். வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா, நான்தான்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதையில் வருகிறவன் அவரில்லை. பல வருடங்களுக்கு முன்னால் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் இருந்த ஒருவரின் சாயல் அது, அவருக்கும் அது தெரியும். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பான். ஒவ்வொருத்தனா யோசிப்பான். நான்தான்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. நீ எழுது."

கேள்வி அதோடு நின்றுவிட்டது. மற்றவர்கள் சொல்லி என் காதுக்கு வருவதற்கு முன்னால் அவரே சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருந்தார்.

எல்லாப் பெண்களுக்கும் இந்த இடம் கிடைப்பதில்லை. துவரங்குறிச்சி சல்மாவைப் பற்றி என் மகளிடம் அடிக்கடி சொல்வேன். பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட பெண். குடும்பத்தாருக்குத் தெரியாமல் புனைபெயரில் கவிதை எழுதினார். எழுதியதை வெளியே அனுப்ப அவருடைய அம்மா உதவினார். பிறகு அதே ஊரில் உள்ளாட்சித் தலைவராகவும் ஆனார். அவர் எழுதிய வரிகளை எல்லாரும் பேசுகிறார்கள். அந்தத் தாள்களை வெளியே கொண்டு சேர்த்த அம்மாவை நான் நினைத்துக்கொள்வேன். ஒரு புத்தகம் வெளியே வருவதில் அப்படிப்பட்டவர்களின் பங்கு எந்த நன்றியுரையிலும் முழுதாக வருவதில்லை.

நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் அட்டைப் படத்தைப் போட்டதும் கும்பிடும் கைகள், பூங்கொத்து, வாழ்த்து மடல்கள் வந்து குவிந்தன. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் அதற்கு மேல் யாரோ ஒருவரின் மகள் கல்யாணப் பத்திரிகை வந்து, எல்லாரும் அங்கே நகர்ந்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற தோழி ஒருத்தி மட்டும் குழுவில் எதுவும் போடவில்லை. பத்து நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. தையல் மிஷின் பக்கத்தில், டிபன் பாக்ஸ் மேல், என் புத்தகம் குப்புறக் கிடக்கிறது. "சாப்பாட்டு நேரத்துல மட்டும் படிக்கிறேன். இப்ப 43ஆம் பக்கம்" என்று எழுதியிருந்தாள். அப்புறம் அடிக்கடி ஒரு எண் மட்டும் வரும். 58. 71. ஒருநாள் 90 என்று வந்து, அதன் பின்னால் அழுதுகொண்டே பேசிய குரல் பதிவு வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தன் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அண்ணன் கையில் கொடுப்பாள். என் தோழி அதைச் செய்துகொண்டிருந்த வருடங்களில் நான் அவளோடு அதிகம் பேசியதில்லை. இத்தனை காலம் கழித்து அதைப் பற்றி நாங்கள் பேசினோம், கதையைச் சாக்கு வைத்து.

கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்று. சொந்தக்காரர்கள் படிக்காதது எனக்கு ஒருபோதும் வலித்ததில்லை. என்னைப் போலவே எழுதுகிற நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். வருடக்கணக்காக ஒருவர் கதையை இன்னொருவர் முதலில் படித்து வந்தோம். இரவு பதினொரு மணிக்கு அழைத்து, "அந்த மூணாவது பத்தியைத் தூக்கிரு" என்று சொல்கிற உரிமை எங்களுக்குள் உண்டு. தொகுப்பில் பாதிக் கதைகளில் அவர் சொன்ன திருத்தம் இருக்கிறது. புத்தகம் அனுப்பினேன். "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. அவருடைய கைப்பிரதி ஒரு பதிப்பகத்தில் பதிலுக்காகக் காத்துக்கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆள் மோசமில்லை, நேரம் மோசம். ஆனாலும் வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

எழுதுகிறவர்களிடம் இதை ஒரு வேண்டுகோளாகவே சொல்கிறேன். உங்கள் நண்பரின் புத்தகம் வந்தால் இரண்டு வரியாவது எழுதி அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். மற்றவர்கள் பேசாமல் இருந்தால் அவர்களுக்கு வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியும். கதை எழுதுகிற இன்னொருவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்துக்கு ஆயிரம் அர்த்தம் தோன்றும், ஒன்றும் நல்லதாக இருக்காது. நான் அவருக்கு மறுபடி எழுதினேன். அவருடைய கைப்பிரதியில் எனக்குப் பிடித்த கதையைப் பற்றி மட்டும். பதில் வரும் என்று நம்புகிறேன்.

சொந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்தில் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியைச் சேர்ந்தவர் எழுத்தாளர் பாமா. தன் வாழ்க்கையையும் ஊரையும் வைத்து அவர் எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தபோது, வெளியே யார் யாரோ பாராட்டிக்கொண்டிருக்க, சொந்த ஊர் மக்கள் கோபப்பட்டார்கள். நம் வீட்டு விஷயத்தையெல்லாம் நாலு பேர் பார்க்க எழுதிவிட்டாளே என்ற கோபம். சில மாதங்கள் அவர் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகுதான் நிலைமை மாறியது. எழுதுகிறவளுக்கு அது எழுத்து. எழுதப்பட்டவர்களுக்கு அது அவர்கள் முகம். அந்தப் புத்தகத்தை நான் கல்லூரி நாட்களில் படித்தேன், அப்போதிருந்து அந்த மாதங்களைப் பற்றி யோசித்திருக்கிறேன். அத்தையிடமிருந்து போன் வந்தபோது அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

அப்பாவின் தங்கை. கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். தொகுப்பின் கடைசிக் கதை அவளுடையது. பெயர், ஊர், வருடம் எல்லாம் மாற்றியிருந்தாலும் எங்கள் குடும்பத்தில் படிக்கிற எவருக்கும் தெரிந்துவிடும். கல்யாணமான மூன்றாம் வருடம், கைக்குழந்தையோடு ஒரு ராத்திரி அத்தை தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். உதட்டில் வீக்கம் இருந்ததாம். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. விடிகாலை முதல் பஸ்ஸில் அவளை ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். கதையில் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்கிறாள், பஸ் கிளம்புகிறது, அதோடு முடிகிறது.

மில்லில் மாதக் கடைசிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். அத்தை எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"மக வாசிச்சுக் காட்டுனா. முழுசும் கேட்டேன்."

"சொல்லுங்க அத்தை."

"ஏ பிள்ள, அவளை ஏன் பஸ்ல ஏத்துன?"

எனக்குப் புரியவில்லை. கோபப்படுவாள், அழுவாள், ஏன் எழுதினாய் என்று கேட்பாள் என்று பதில்களை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். "அப்படித்தான நடந்துச்சு அத்தை" என்றேன்.

"நடந்தது எனக்குத் தெரியாதா? நடந்ததைத் திருப்பிச் சொல்லவா நீ உக்காந்து எழுதுன? நான் போனேன். எனக்கு வேற போக்கு இல்ல. அவளுக்கு என்ன? நீ எழுதுறவ, உன் கையிலதான இருந்துச்சு. அவளையாவது நிப்பாட்டியிருக்கலாம்ல?"

கணக்கு நோட்டை மூடிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்று பேசினேன். அவள் பஸ் ஏறிப் போனால்தான், அந்தக் காலத்தில் பெண்களுக்கு என்ன நடந்தது என்று படிக்கிறவர்களுக்கு உறைக்கும் என்று சொன்னேன். நிற்க வைத்துவிட்டால், சரி, நல்லபடியாக முடிந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்றேன்.

"படிக்கிறவங்களுக்கு உறைக்கணும்னு அவ போகணுமா?" என்றாள் அத்தை.

அதற்கு எனக்கு அப்போது பதில் இல்லை. கதையின் முடிவு சரியானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், அதை அவளிடமும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு வாரம் ஒரு போனாவது வருகிறது. பேத்தி பள்ளிக்கூடம், முழங்கால் வலி, ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு யார் யார் போகிறோம் என்று எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் அந்தப் பெண்ணுக்கு வந்து நிற்கிறாள். இதுவரை எந்த விமர்சகரும் என் கதாபாத்திரத்துக்காக என்னோடு இவ்வளவு மல்லுக்கட்டியதில்லை.

போன வாரம் அத்தை மகள் ஒன்று சொன்னாள். சாயங்காலம் தெருப் பெண்கள் பூக்கட்ட உட்காரும்போது அத்தை இந்தக் கதையைச் சொல்கிறாளாம். எங்க மருமக எழுதுனது என்றுதான் ஆரம்பிக்கிறாளாம். ஆனால் அத்தை சொல்கிற கதையில் அந்தப் பெண் அடுத்த ஸ்டாப்பில் குழந்தையோடு இறங்கிவிடுகிறாள்.

நான் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இறங்கி எங்க போவா அத்தை?"

"எங்க போவா? திரும்ப வீட்டுக்குத்தான். நடந்தே வந்துருவா."

"தாத்தா கதவைத் திறக்க மாட்டாரே."

"அவரு திறக்க மாட்டாரு. எங்கம்மா திறந்திருப்பா. அன்னைக்கு ராத்திரி முழுக்க அவ தூங்கவே இல்ல. எங்கூட அடுப்படியில உக்காந்து என்ன பேசுனான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆச்சி அந்தக் கதையில் ஓர் இடத்தில் கூடப் பேசுவதில்லை. அப்பா சொல்லித்தான் அந்த ராத்திரி எனக்குத் தெரியும். அப்பா அப்போது வெளித்திண்ணையில் படுத்திருந்தார். அடுப்படிக்குள் நடந்ததை அவர் பார்த்ததில்லை.

"போன்ல சொல்ற விஷயமா அது? நேர்ல வா" என்று அத்தை வைத்துவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குப் போகிறேன்.